பழுப்பு பிலிம்

பாப்பா,

நேற்று உன் நிவி சித்தியின் கல்யாண மண்டபத்தில், தாம்பூலப் பை கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். கையில் ஒரு பை வைத்திருந்தாய். உள்ளே தேங்காயும் வெற்றிலை பாக்கும் கனத்துக்கொண்டிருந்தன. பையின் மேல் அச்சாகியிருந்த ஷேர் ஆட்டோ படத்தை விரலால் தடவிக்கொண்டே, "ப்பா, இத்த அம்மா பண்ணிச்சா?" என்றாய். நான் "ஆமா" என்றேன். கொஞ்சம் யோசித்து "இல்ல" என்றேன். அப்புறம் "சாப்ட்டியா?" என்று கேட்டேன். நீ ஐந்து வயதுக்காரி, அந்தப் பதிலே போதும் என்று ஓடிவிட்டாய். எனக்குத்தான் போதவில்லை. நீ வளர்ந்து, உனக்கென்று ஒரு வேலையும் வீடும் வந்து, பக்கத்தில் ஒரு துணையும் இருக்கிற வயதில் படிப்பதற்காக அந்தப் பதிலை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்லி மடித்து வைத்திருக்கலாம். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் அம்மாவின் வேலையை நான் தப்பு என்று சொன்னது நாலு பேர் முன்னால். சரி என்று சொல்வதும் நாலு பேர் முன்னால்தான் இருக்க வேண்டும்.

உன் அம்மா பவானி போய் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. காய்ச்சல். எட்டு நாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. வருகிறதை எழுதுகிறேன். எனக்கு வருவது வேலை விஷயம்தான். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். சிங்கப்பெருமாள் கோயிலில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். மேசை மேல் வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, ஓகே என்று ஒரு பக்கம், ரிஜெக்ட் என்று ஒரு பக்கம் வைப்பதுதான் என் வேலை. அம்மா பன்னிரண்டாவது முடித்தவள். மாமல்லபுரம் பக்கம் கடலோரத்து ஊர். உன் தாத்தா அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதம் அவள் செங்கல்பட்டில் ஒரு கடையில் ஸ்க்ரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டு வந்து, நம் மாடியிலேயே தொடங்கினாள். துணிப் பை, டி-ஷர்ட், கல்யாணத் தாம்பூலப் பை.

அந்த வேலையை உனக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. சட்டத்தில் மெல்லிய நைலான் வலையை இறுக்கிக் கட்டுவார்கள். அதன் மேல் எமல்ஷன் என்கிற பசையைப் பூசிக் காயவைத்து, படம் அச்சான ஒரு கண்ணாடித்தாளை, அதாவது பிலிமை, அதன் மேல் ஒட்டினாற்போல வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடமெல்லாம் பசை இறுகிவிடும். படத்தின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாமல் இருந்து, தண்ணீர் பீய்ச்சியதும் கரைந்து திறந்துகொள்ளும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை துணிக்குப் போகும். ஆக எல்லாமே பிலிமின் கறுப்பில் இருக்கிறது. கறுப்பு வெயிலைத் தடுக்காமல் கசியவிட்டால் திறக்க வேண்டிய இடமும் இறுகிப் போகும், படம் வராது.

முதலில் அந்த பிலிமுக்காக அவள் பஸ் பிடித்து செங்கல்பட்டுக்குப் போய்க் காத்திருந்து வாங்கி வருவாள். ஓர் எழுத்து தப்பு என்றால் திரும்பவும் பஸ். அப்புறம்தான் மை டாங்கி வைத்த ஒரு பழைய இங்க்ஜெட் பிரிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கொண்டுவந்த அன்று நான்தான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி உட்கார்ந்து, சாதாரணப் பேப்பர், கறுப்பு மை மட்டும் என்று செட்டிங் வைத்து, "இனிமே இதுல கை வெக்காத" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். மறுநாளே கை வைத்தாள்.

அவள் கண்டுபிடித்ததை எல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். பிலிமுக்கு இரண்டு பக்கம், ஒன்றில்தான் மை பிடிக்கும் பூச்சு இருக்கும், பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். அவள் விரல் நுனியை நாக்கில் வைத்து மூலையில் தொடுவாள், ஒட்டுகிற பக்கம் பூச்சு. பிரிண்டர் வேகமாக ஓடினால் கறுப்பில் கோடு கோடாக இடைவெளி விழும் என்று, வேகத்தைக் குறைத்து, மை கக்குகிற தலை ஒரே திசையில் மட்டும் அடிக்கும்படி வைத்தாள். பெரிய கறுப்புப் பரப்பில் ஊசி முனை அளவு துளிகள் வரிசையாக விடுபட்டிருந்ததைப் பார்த்து, அது தாளைத் தள்ளுகிற பல்சக்கரத்தின் தடம் என்று சொன்னது அவள்தான். நான் அதை மையின் கோளாறு என்று இரண்டு நாள் வாதாடினேன். வெள்ளிக்கிழமை தோறும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சோதனைத் தாள் அடித்து மைத்துளைகள் அடைக்காமல் பார்த்துக்கொள்வாள். "வெளக்கு வெக்கிறா மாதிரி, வாரம் தவறாம பண்ணிகினே இருக்கணும்" என்பாள்.

நீ வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக உன் தாத்தா ஷேர் ஆட்டோவோடு வந்தார். உன் அம்மா பெட்டியை ஏற்றினாள், தலையணையை ஏற்றினாள், அப்புறம் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தாத்தா பிரிண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாமா, புள்ள பெக்கப் போறியா, கட தொறக்கப் போறியா?" என்றார். "ரெண்டுந்தான் நைனா. நீ வண்டிய மெதுவா ஓட்டு. எனக்கில்ல, இதுக்கு" என்றாள். அந்த ஊரில் கடல் காற்று. துணியே காயாது, மை எங்கே காயும்? அச்சடித்த பிலிமில் கை வைத்தால் விரல் பதியும், இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் போனில் கேட்டாள். ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று பார்க்க ஒரு மீட்டர் வாங்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், அரிசியை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து டிரம்மில் கொட்டி, அதன் மேல் பிலிம்களை ஒவ்வொன்றாக நிறுத்தி மூடி போட்டு வைத்திருந்தாள். எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்திருந்தன. தாத்தா சோற்றுக்கு அரிசி எடுக்கப் போய், "சோறு ஆக்கலாம்னு தொறந்தா கல்யாணப் பத்திரிக வருது" என்று சிரித்தார். நீ பிறந்த காலையில் அந்த டிரம்மில் ஒன்பது பிலிம்கள் இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருந்த நேரம் அது.

இப்போது நான் தப்பு செய்த இடத்துக்கு வருகிறேன். உனக்கு இரண்டரை வயது. ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர், பிள்ளைகளுக்கு நாற்பது டி-ஷர்ட் கேட்டு மாடிக்கு வந்திருந்தார். கூடவே இரண்டு பேர். அந்த வாரம் கறுப்பு மை தீரும் நிலையில் இருந்தது. உன் அம்மா செட்டிங்கில் போட்டோ பேப்பர் என்று மாற்றினாள். அப்படி மாற்றினால் பிரிண்டர் கறுப்பு மையை விட்டுவிட்டு, மற்ற மூன்று நிறங்களையும் கலந்து கறுப்பு மாதிரி ஒன்றைப் போடும். வெளியே வந்த பிலிம் கறுப்பாக இல்லை. கெட்டியான டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பு. நான் அதை வாங்கி, என் வழக்கப்படி, செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரிந்தது.

"சார், இது ரிஜெக்ட். லைட்டு பூந்து வருது பாருங்க. நாளைக்கு நான் ஒயுங்கா போட்டுத் தர்றேன்" என்று அவரிடமே சொன்னேன். அவளிடம் கூட இல்லை. அவரிடம்.

உன் அம்மா கோபப்படவில்லை. பிலிமை என் கையிலிருந்து வாங்கினாள். "இரு. நம்ம பாத்ரூம்ல இன்னா பல்பு மாட்டிகீறோம்?" என்று கேட்டாள். பசை பூசுவதை நம் பாத்ரூமில்தான் செய்வோம், ஜன்னலை அட்டையால் அடைத்துவிட்டு.

"மஞ்ச பல்பு" என்றேன்.

"அந்த வெளிச்சத்துல எமல்ஷன் கெட்டுப் போவுதா?"

"போவாது. அதுக்குத்தான மஞ்ச மாட்டறது."

"அப்ப இந்த பிலிம்ல பூந்து வர்ற வெளிச்சம் இன்னா கலரு?"

நான் பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு நிறம். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது, பாப்பா. அதுதான் இதில் மோசம். பசைக்கு மஞ்சள் வெளிச்சமும் சிவப்பு வெளிச்சமும் இருட்டுதான். அதை இறுக்குவது வெயிலில் இருக்கிற நீலமும் ஊதாவும், அதற்கும் அப்பால் கண்ணுக்கே தெரியாததும். மஞ்சள் மை அவற்றைத்தான் தின்றுவிடுகிறது. ஆக என் கண்ணுக்குக் கசிகிற பிலிம், பசைக்குச் சுவர். இது நான் படித்த பாடம். அவள் படிக்காமல், பாத்ரூம் பல்பை வைத்து அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "அது வேற, இது வேற. ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான்."

அவர்கள் போனதும் அவள் அதே பிலிமை வைத்து வெயிலில் காட்டினாள். தண்ணீர் அடித்ததும் எழுத்துகள் பிளேடால் வெட்டின மாதிரி திறந்தன. அந்த ஆசிரியர் சட்டைகளை வாங்க வந்த அன்று தடவித் தடவிப் பார்த்தார். "ரிஜெக்ட்னீங்களே சார்?" என்று என்னிடம் கேட்டார். நான், "சும்மா லக்கு சார்" என்றேன். உன் அம்மா சட்டைகளை மடித்துக்கொண்டே, "நாப்பது சட்டைக்குமா லக்கு, இஞ்சினியரே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவுதான். நீ சொன்னது சரி, பவானி என்ற நாலு வார்த்தையை அன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அடித்ததெல்லாம் பழுப்பு. நான் ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். "இன்னா டாக்டரே, எக்ஸ்ரே பாத்தாச்சா? ஆளு பொழைக்குமா?" என்பாள். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் அவளுடைய எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தபோது, அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பேச முடியவில்லை, சிரிக்க முடிந்தது. நான் திருப்பிச் சிரித்தேனா என்று நினைவில்லை.

காரியம் முடிந்து நான் வீட்டுக்குத் திரும்பினேன். நீ தாத்தா வீட்டில் இருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை கேட்டது. அவளுடைய அலமாரியைத் திறந்து, பிலிம்களை எல்லாம் எடுத்து, டார்ச்சைப் பின்னால் பிடித்து, கம்பெனியில் செய்கிற மாதிரியே பிரித்தேன். வெளிச்சம் தெரியாதது இந்தப் பக்கம், தெரிவது அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து மூட்டையைக் கட்டி, தெருவில் வந்த பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். பழுப்பு நன்றாக வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது கைக்குப் போகவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒருநாள் அலமாரியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். ஓகே என்று நான் வைத்திருந்ததெல்லாம் நான் அச்சடித்தவை. அவளுடையது ஒன்று கூட இல்லை. பழுப்புக்கு மாறுவதற்கு முன் அடித்த கறுப்பு பிலிம்களை அவளே எப்போதோ கழித்துவிட்டிருந்தாள். அவள் படங்களை எல்லாம் விரலால் வரைந்து வைத்திருந்த செல்போனும் ஆஸ்பத்திரி நாட்களில் கீழே விழுந்து செத்துவிட்டது.

ஒன்றே ஒன்று தப்பியது. அது உன்னால். அவள் கடைசியாகப் போட்ட பிலிம், நிவி சித்தியின் கல்யாணத் தாம்பூலப் பைக்கானது. மயில், கலசம் என்று எல்லாரும் போடுவதை விட்டு, தாத்தாவின் ஷேர் ஆட்டோவை வரைந்திருந்தாள். பின்பக்கத்துத் திறப்பில் இரண்டு இரட்டைச் சடைகள் தெரியும், அக்காவும் தங்கையும் பள்ளிக்கூடம் போன கோலம். கீழே நிவேதா, கார்த்திக் என்று பெயர்கள், அதற்கும் கீழே தேதி. "ஆட்டோ படம்" என்று நீ அதை எடுத்து உன் எல்.கே.ஜி. பைக்குள் செருகிக்கொண்டாய். அவள் போனதும் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. அந்த பிலிம் உன் பையிலேயே, பென்சில் டப்பாவோடு உரசிக்கொண்டு, யு.கே.ஜி. வரைக்கும் போனது.

போன மாதம் நிவி சித்தி வந்தாள். நீ பையைக் கவிழ்த்துக் கொட்டி அவளிடம் பொம்மைகளைக் காட்டிக்கொண்டிருந்தாய். அதில் இந்த பிலிமும் விழுந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "மாமா, பை இதுலதான் போடணும்" என்றாள்.

"தேதி பழசுமா."

"தேதிய மட்டும் வெட்டிட்டு மாத்து."

"இத்த ஸ்கேன் பண்ணி புதுசா ஒண்ணு அடிச்சுக்கலாமே?"

"அக்கா அடிச்சதுலதான் மாமா வோணும். பொடவ மாறிச்சு, மண்டபம் மாறிச்சு, எல்லாம் மாறிச்சு. இது ஒண்ணு மாற வாணாம்."

தாத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, அது சின்னப் பொண்ணு, அப்டித்தான் சொல்லும். நீ பேஜாராவாத. வெளிய கடையில குடுத்துக்கலாம்" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் முகம் எப்படி இருந்ததோ. நான் போட்டுத் தருகிறேன் என்றேன்.

பழைய தேதியைப் பிளேடால் சதுரமாக வெட்டி எடுத்தேன். புதுத் தேதியைத் தனி பிலிமில் அடித்து, அந்த ஓட்டையில் வைத்து செல்லோடேப் ஒட்ட வேண்டும். நான் என் பழைய செட்டிங்கில், கறுப்பு மையில், அடித்தேன். கரி மாதிரி வந்தது. டார்ச் அடித்தால் ஒரு பொட்டு தெரியவில்லை. பழுப்பே வேலை செய்யும் என்றால் இது செய்யாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, அவளிடம் தோற்காமல் இருக்கக் கடைசியாக ஒரு முயற்சி செய்தேனா, இப்போது கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு நண்பகல் வெயிலில், மொட்டை மாடியில், அவள் வைக்கிற நேரத்தையே வைத்துக் காட்டினேன். தண்ணீர் அடித்தேன். ஆட்டோ திறந்தது. சடைகளின் ரிப்பன் முடிச்சு கூடத் திறந்தது. தேதி மட்டும் புள்ளி புள்ளியாக, அம்மைத் தழும்பு மாதிரி, பாதி அடைத்துக்கொண்டு நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் கறுப்பு, பூச்சின் மேல் பொடிப் பொடியாக உட்கார்ந்திருந்தது, பொடிக்கும் பொடிக்கும் நடுவே சந்து. டார்ச்சுக்குத் தெரியாத சந்து, உச்சி வெயிலுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய பழுப்போ பூச்சுக்குள் ஊறி, ஒரே சீராக இருந்தது. சட்டத்தைக் கழுவி மறுபடி பசை பூசி, புதன்கிழமை லீவு போட்டு, நேரத்தைக் குறைத்துக் காட்டினேன். தேதி கொஞ்சம் தெளிந்தது. ஆனால் இறுக வேண்டிய இடம் இறுகாமல், ஆட்டோவின் ஓரங்களும் ஒரு சடையும் தண்ணீரோடு கரைந்து போயின. ஒரு சட்டத்துக்கு ஒரு நேரம்தான் வைக்க முடியும். அவள் பங்குக்குச் சரியான நேரம் என் பங்குக்கு அதிகமாகவும், என் பங்குக்குச் சரியானது அவளுக்குப் போதாமலும் இருந்தது.

அன்றைக்குத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். சட்டத்திலிருந்து பிலிமை எடுத்தபோது, பசை மேல் லேசான பழுப்புத் தடம். வெயில் சூட்டில் பிலிம் வியர்த்து, அவள் மை கொஞ்சம் கொஞ்சமாகப் பசையோடு போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. உலகத்தில் அவள் கையால் அடித்ததில் மிஞ்சியிருக்கிற ஒரே பிலிம், நான் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

மூன்றாவது தடவை பசை பூசிவிட்டு, அது காயும் வரை பாத்ரூமிலேயே கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்துவிட்டேன். வெளியே காலை வெயில். உள்ளே அட்டை அடைத்த ஜன்னல், மஞ்சள் பல்பு. என் கை தெரிந்தது, சோப்பு டப்பா தெரிந்தது, அவள் கதவில் ஒட்டிய பொட்டுகள் தெரிந்தன. அத்தனை வெளிச்சம். சட்டத்துக்கு மட்டும் அது இருட்டு. நம் பாத்ரூம்ல இன்னா பல்பு மாட்டிகீறோம் என்று அவள் கேட்டது, அந்தக் குரலிலேயே, காதில் வந்தது. "மஞ்ச பல்பு" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம், "நீ சொன்னதுதான் சரி, பவானி" என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவை. நிறைய நேரம் அங்கேயே இருந்தேன். பசை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

எழுந்து போய் பிரிண்டரில் போட்டோ பேப்பர் என்று மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன், ஒரே திசை வைத்தேன். ஒன்று விடாமல் அவள் செய்கிற மாதிரி. விரலை நாக்கில் வைத்து மூலையைத் தொட்டேன். வெளியே வந்த தேதி பழுப்பு. கை தானாக செல்போனை எடுத்தது, நான் அதைக் கீழே வைத்தேன். நம் வீட்டு அரிசி டிரம்மில் அந்தத் துண்டையும் அவள் பிலிமையும் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தேன், பசையில் மை ஒட்டாமல் இருக்க. அதுவும் அவள் வழிதான். மறுநாள் உச்சிக்குக் காட்டி, தண்ணீர் அடித்தேன். முதலில் சக்கரம் திறந்தது. அப்புறம் சடைகள். அப்புறம் பெயர்கள். கடைசியில் தேதி, ஒரு எண் விடாமல்.

ஒரே ஒரு குறை இருந்தது. ஆட்டோவின் பின்சக்கரத்தில், உன் பென்சில் டப்பாவின் மூலை பட்டு, பிலிமில் ஒரு கீறல். கீறிய இடத்தில் மை இல்லை, அதனால் அங்கே வெயில் புகுந்து பசை இறுகிவிட்டது. ஒவ்வொரு பையிலும் சக்கரத்தின் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழும். பைகளைத் தாத்தா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது முதலில் பார்த்தது நிவி சித்திதான். "இன்னா மாமா, சக்கரம் பஞ்சரா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் தாத்தா பையை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "என் வண்டி என்னிக்குமா பஞ்சரு இல்லாம ஓடிச்சு? பவானிக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம் பையை மார்போடு பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உனக்கு அறிவுரை சொல்லத்தான் இந்த மாதிரிக் கடிதங்களை எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் பக்கத்தில் ஒருவர் ஒரு வேலையைச் செய்தால், உன்னிடம் இருக்கிற டார்ச்சை வைத்து அதை அளக்காதே. அது எந்த வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார். சரியாக இருந்தால், அவர் காதில் விழும்படி, அன்றைக்கே சொல்லிவிடு. லக்கு என்று சொல்லாதே. நான் பாத்ரூமில் வாளி மேல் உட்கார்ந்து சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை. நீ படித்தவளாக வருவாய், என்னைவிட அதிகம் படித்தவளாக. படிக்காதவர்கள் உன் பாடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்வார்கள். அப்போது வழியைக் கேட்டுத் தெரிந்துகொள். உன் அம்மா மாதிரி ஒரு மூளையை நான் கம்பெனியில் இத்தனை வருஷத்தில் பார்க்கவில்லை. அதோடு ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை சோதனைத் தாளை இப்போது நான் அடிக்கிறேன். துளைகள் ஒன்றும் அடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தின் கையெழுத்துப் பிரதியோடு அந்த பிலிமை வைக்கிறேன், கறுப்புக் காகிதத்தில் சுற்றி, ஏனென்றால் வெயில் பட்டால் இந்த மை மெல்ல வெளுத்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் மட்டும், பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஆட்டோ பழுப்பாக இருக்கும், தேதியும் பழுப்பாக இருக்கும். எது அம்மா அடித்தது, எது நான் அடித்தது என்று நிறத்தை வைத்து உன்னால் சொல்ல முடியாது. செல்லோடேப்பின் ஓரம் மட்டும் தெரியும். நேற்று நீ கேட்டதற்கு ஆமா என்று நான் சொன்னது அதற்காக. இல்ல என்றதும் அதற்காகத்தான். பின்சக்கரத்தில் ஒரு கோட்டில் மட்டும் வெளிச்சம் நேராக உன் கண்ணில் வந்து விழும். அதை அடைக்கத்தான் பிரஷ்ஷில் மை தொட்டேன். அது நீ என்று தெரிந்து, பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

அப்பா